மேலே எடுப்பதா, கீழே எடுப்பதா: பவானியில் இரண்டு குழாய்கள்

கோயமுத்தூரில் எங்கள் வீட்டுக் குழாயில் வருவது பில்லூர்த் தண்ணீர். கொடுமுடிப் பக்கம் மாமன் வயலுக்குப் பாய்வது காலிங்கராயன் வாய்க்கால் தண்ணீர். இரண்டும் பவானி ஆற்றுத் தண்ணீர்தான். அதனால் குடிநீர்த் திட்டத்தை விரிவாக்குகிறோம் என்று எப்போது செய்தி வந்தாலும், ஆற்றில் எந்த இடத்தில் கை வைக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

2024ல் இரண்டு பெரிய திட்டங்கள் ஓடத் தொடங்கின. பில்லூர் மூன்றாவது குடிநீர்த் திட்டம் மேட்டுப்பாளையத்துக்கு மேலே, நெல்லித்துறையில் தண்ணீர் எடுக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 17.8 கோடி லிட்டர். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரி நீரை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்புகிறது. அளவு ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). முதலாவது குடிக்க, அடுத்தது நிலத்தடி நீரைக் கூட்ட. நோக்கம் வேறானாலும் ஆறு ஒன்று என்பதால் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பில்லூர் மூன்றின் தினசரி அளவை 365ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.3 டி.எம்.சி. வருகிறது. அத்திக்கடவுக்கு ஒதுக்கியதைவிட அதிகம். அந்த 1.5 டி.எம்.சி.க்காக மூன்று மாவட்டத்து மக்கள் பல பத்தாண்டுகள் உண்ணாவிரதமும் மறியலும் இருந்தார்கள். குடிநீருக்கு எடுத்த பெரிய அளவைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சே எழவில்லை.

மேலே எடுப்பதில் உள்ள நன்மையை மறைக்கக் கூடாது. காட்டிலிருந்து இறங்கும் தண்ணீரில் இன்னும் ஊர்ச் சாக்கடை அவ்வளவாகக் கலந்திருக்காது. படிகாரம் போட்டுத் தெளியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் கலந்தால் போதும். மோட்டார் அங்கும் ஓடுகிறது, ஆனால் ஏற்ற வேண்டிய உயரம் குறைவு. குழந்தைக்குக் கொடுக்கிற தண்ணீர் என்று பார்த்தால் இதுவே நல்லது.

சிக்கல் ஆற்றுக்குத்தான். சித்திரை, வைகாசியிலும் குழாய் நிற்காது. ஆற்றில் வரத்து குறைகிற அதே நாட்களில்தான் நகரத்தின் தேவை ஏறும். நெல்லித்துறையில் எடுக்காமல் விட்டால் அந்தத் தண்ணீர் பவானிசாகர் அணைக்குப் போகும். அங்கிருந்து பாசன வாய்க்கால்களுக்கு: கீழ்பவானியின் 2.07 லட்சம் ஏக்கர், தடப்பள்ளி–அரக்கன்கோட்டை, கடைசியில் காலிங்கராயன். சரி, நகரம் பயன்படுத்தியதில் பெரும்பகுதி கழிவுநீராகத் திரும்புமே என்பார்கள். திரும்புகிறது, பவானிக்கு அல்ல, நொய்யலுக்கு. நொய்யல் காவிரியில் சேர்வது, பவானி காவிரியில் கலக்கும் கூடுதுறைக்கு வெகு கீழே, கரூர் மாவட்டத்தில். காவிரி நடுவர் மன்றம் 2007 தீர்ப்பில் வீட்டு உபயோகத்துக்கு எடுப்பதில் 20 சதவீதத்தையே நுகர்வாகக் கணக்கிட்டது, மீதி ஆற்றுக்குத் திரும்பிவிடும் என்று. காவிரி முழுவதற்குமான கணக்காக அது சரியாக இருக்கலாம். தடப்பள்ளி பாயும் கோபிசெட்டிபாளையத்துக்காரருக்கும் என் மாமனுக்கும் எடுத்தது முழுவதும் போனதுதான்.

கீழே எடுப்பது இதற்கு நேர்மாறு. எல்லா வாய்க்காலுக்கும் பாய்ந்த பிறகு மிஞ்சுவதை, வெள்ளக் காலத்தில் வினாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள் எடுக்கும் கணக்கு இது. அத்திக்கடவு பில்லூர்ப் பக்கத்து ஊர்; அந்தப் பெயரே, மேலிருந்து தானாக இறங்கி வரும்படி முதலில் போட்ட திட்டத்தின் அடையாளம். பிறகு எடுக்கும் இடம் அடியோடு கீழே மாறியது. மின்கட்டணம் எகிறும் என்று தெரிந்தே செய்த அந்த மாற்றத்தை நான் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் உபரி இல்லாத ஆண்டில் குளத்துக்கு ஒரு சொட்டும் வராது. வழியில் ஊர்க் கழிவும் சாயத் தண்ணீரும் கலந்திருப்பதால், குடிக்கக் கொண்டுபோனால் சுத்திகரிப்பும் கடினம், மிஞ்சும் சேறும் அதிகம்.

இந்த ஒப்பீட்டைச் சட்டம் கேட்கிறதா? 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் பாசனமும் நீர்மின்சாரமும் உண்டு, குடிநீர்த் திட்டம் இல்லை. குழாய் வனநிலத்தைத் தொட்டால் 1980 வனப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். அது கேட்பது எத்தனை ஹெக்டேர் காடு என்பதை. மே மாதம் ஆற்றில் எவ்வளவு ஓடும் என்று கேட்க அதில் இடமில்லை.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, கழிவுநீர். 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, திருப்பூர் சாயத் தண்ணீரையே சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறது. மின்செலவும் உப்புக் கழிவும் தலைவலி, ஆனாலும் நடக்கிறது. கோவை உக்கடம் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு நாளுக்கு 7 கோடி லிட்டர். பில்லூர் மூன்றில் ஐந்தில் இரண்டு பங்கு! ஃபவுண்டரிக்கும் கட்டட வேலைக்கும் பூங்காவுக்கும் இந்தத் தண்ணீர் போதும்.

ஆகவே அடுத்த விரிவாக்கத்துக்கு என் வரிசை இது: முதலில் கழிவுநீரும் குழாய்க் கசிவும், அடுத்து கீழிருந்து உபரி, கடைசியாகத்தான் நெல்லித்துறை. அங்கே மேற்கொண்டு எடுக்கத்தான் வேண்டும் என்றால், திட்ட அறிக்கையில் மார்ச் முதல் மே வரை மாதவாரியாக ஆற்றின் வரத்தும், எடுத்தபின் ஆற்றில் விடும் அளவும் இருக்க வேண்டும். அதைச் சத்தியமங்கலத்திலும் கொடுமுடியிலும் கூட்டம் போட்டு வாசித்துக் காட்ட வேண்டும்.