லீஸ் பணம் 8 லட்சம்: ஓனருக்கே தெரியாமல் போகும் கணக்கு

வேளச்சேரி, போரூர், பெருங்குடி, கொளத்தூர் என்று சென்னையில் எந்தப் பக்கம் வீடு தேடினாலும் இந்த மாதிரி விளம்பரம் கண்ணில் படும்: 'ரெண்டு பெட்ரூம், லிஃப்ட், கார் பார்க்கிங், லீஸ் 8 லட்சம், வாடகை கிடையாது.' 8 லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துக் குடியிருந்து, காலி செய்யும்போது திரும்ப வாங்கிக்கொள்வதுதான் இந்த லீஸ். வீட்டைக் காட்ட வருபவர் ஓனர் அல்ல. "ஓனர் துபாய்ல இருக்கார் சார், எல்லாம் எங்க கம்பெனிதான் பாக்குது" என்பார். ஓனர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தையும் காட்டுவார். பெரும்பாலும் அந்தக் கையெழுத்து உண்மையானதுதான். வில்லங்கம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஓனரிடம் போய்ச் சொன்ன கதையே வேறு. அக்கம்பக்கத்தில் வாடகை 22,000 என்றால், "நாங்க 25,000 தர்றோம், வீடு காலியா கிடந்தாலும் அஞ்சாம் தேதி கணக்குல ஏறிடும்" என்று பேசி, மூன்று மாத அட்வான்ஸும் கொடுத்திருப்பார்கள். வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவருக்கு வேறென்ன வேண்டும்? கையெழுத்துப் போட்டுவிடுகிறார். மாத வாடகைக்கு எடுத்த அதே வீடு அடுத்த வாரமே லீஸுக்குப் போகிறது. 8 லட்சம் கைமாறியது ஓனருக்குத் தெரியாது. ஓனருக்கு மாதாமாதம் வாடகை போவது லீஸுக்கு வந்தவருக்குத் தெரியாது.

ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 25,000 என்றால் வருஷத்துக்கு 3 லட்சம். 8 லட்சத்தை வைத்து 3 லட்சம் சம்பாதிக்க 37.5 சதவீத வருமானம் வேண்டும். எந்த வங்கி தருகிறது? ஆக, அசலில் இருந்துதான் வாடகை போகிறது. இரண்டு வருஷத்தில் 6 லட்சம் காலி. லீஸ் முடிந்து பணத்தைக் கேட்கும்போது கம்பெனி ஒரு பைசா எடுக்காமல் இருந்திருந்தால்கூட மிச்சம் 2 லட்சம்தான். மீதியை அடுத்து லீஸுக்கு வருகிறவர் தலையில் கட்ட வேண்டும். புது ஆள் வருவது நின்றால் எல்லாம் ஒரே மாதத்தில் நின்றுவிடும். அதுவரை வாடகை நாள் தவறாமல் வரும். அதனால் "எனக்கு ஒழுங்காத்தான் வருது" என்று இன்னொரு ஓனர் சொல்வதை நம்பி இறங்கக் கூடாது. அவருக்கு வருவதும் யாரோ கொடுத்த லீஸ் பணம்தான்.

லீஸுக்குப் போகிறவர்கள், டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் பாருங்கள். பார்க்கக் கட்டணம் இல்லை. சர்வே எண்ணைப் போட்டால் அந்த மனையில் உள்ள அத்தனை ஃபிளாட்டுகளும் வந்து குழப்பும். ஓனரின் கிரயப் பத்திர எண்ணை வாங்கித் தேடுவது சுலபம். கடைசியாக வாங்கியவர் பெயர் எதுவோ, அந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டுமே பணம் போக வேண்டும். இ.பி. கார்டை வைத்து ஓனரை முடிவு செய்யாதீர்கள், பல அடுக்குமாடிகளில் அது இன்னும் பில்டர் பெயரிலேயே கிடக்கிறது. வங்கிக் கடனுக்குப் பத்திரம் ஒப்படைத்த பதிவு இருந்தால் கூடுதல் கவனம் தேவை: ஓனர் தவணை கட்டாவிட்டால் 2002-ஆம் வருஷத்து சர்ஃபாசி சட்டப்படி வங்கி வீட்டைக் கைப்பற்றலாம், உங்கள் லீஸ் பத்திரம் அதைத் தடுக்காது.

ஓனரிடம் வீடியோ காலிலாவது நேரடியாகப் பேசுங்கள். நம்பரைக் கம்பெனியிடம் வாங்காமல் அசோசியேஷன் செயலாளரிடம் வாங்குங்கள். துபாய் ஓனராகவே ஒரு ஆளை நடிக்க வைப்பது பெரிய வித்தை இல்லை.

அடுத்தது பதிவு. பத்திரத்தாளில் 11 மாதத்துக்கு எழுதி நோட்டரி முத்திரை குத்தினால் அது பதிவு ஆகிவிடாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய ஓனரோ, அவருடைய முறையான பவர் ஏஜென்ட்டோ நேரில் வர வேண்டும். கம்பெனிகள் நழுவுவது இங்கேதான். முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம் என்று 8 லட்சத்துக்குச் சுமார் 16,000 ரூபாய் ஆகும். "எதுக்கு சார் வீண் செலவு" என்று அவர்கள் உங்கள் பணத்துக்காக உருகினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஓனர்களுக்கு: குடியிருப்பவரோடு நீங்களே ஒப்பந்தம் போட்டு, 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகார அமைப்பில் பதியுங்கள். கம்பெனிக்குக் கமிஷன் மட்டும். ஒப்பந்தத்தில் 'உள்வாடகைக்கு விடலாம்' என்ற ஒற்றை வரி இருந்தாலும் அடித்துவிட்டு, லீஸுக்கோ போக்கியத்துக்கோ விடக் கூடாது என்று எழுதிச் சேருங்கள். குடிவந்த முதல் மாதமே ஒருமுறை கதவைத் தட்டி, "எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தீங்க?" என்று கேட்டாலே பாதி மோசடி வெளியே வந்துவிடும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால், ஓனர் கோபத்தில் தண்ணீரையும் கரண்ட்டையும் துண்டிக்கக் கூடாது. அதே வாடகைச் சட்டப்படி அது தப்பு, வழக்கு ஓனர் மீதே திரும்பும். குடியிருப்பவரும் ஓனரும் அடித்துக்கொள்வதுதான் கம்பெனிக்கு வசதி. இருவரும் தனித்தனியாகப் புகார் எழுதுங்கள். இரண்டு ஒப்பந்தங்கள், வங்கிப் பரிமாற்ற விவரம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் நகலெடுத்துச் சேருங்கள். அதே கம்பெனியிடம் சிக்கிய மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் உள்ள மத்திய குற்றப்பிரிவுக்குப் போங்கள். உள்ளூர் ஸ்டேஷனில் கொடுத்தால் 'இது சிவில் மேட்டர்' என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கைக்கு வராமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.