அட்டை டம்மியா, திரை மாதிரியா?

தாராவி முறுக்குக்கு ஒரு பெட்டி வடிவமைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மும்பைக் கல்லூரி ஸ்டூடியோவில் இதற்கு இரண்டு வழிகள்: அட்டையை வெட்டி, மடித்து, ஒட்டி டம்மி, அதாவது உண்மை அளவு மாதிரிப் பெட்டி செய்வது; கணினியில் முப்பரிமாண மாதிரி உருவாக்குவது.

கணினி வேகமானது. நிறத்தை நொடியில் மாற்றலாம்; வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவிலும் பளபளக்கும். அதற்கு மேல் புகழ எனக்கு மனம் வரவில்லை. திரையில் எல்லா மூடியும் கச்சிதமாகத்தான் மூடும்.

டம்மி அப்படி விடாது. 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டையில் மடிப்பு இழையோட்டத்துக்கு, அதாவது அட்டையின் நார்கள் ஓடும் திசைக்குக் குறுக்கே விழுந்தால் மேல்பூச்சு வெடிக்கும். அட்டையின் தடிமனை மறந்தால் செருகும் மடல் முட்டிக்கொண்டு நிற்கும். அரை மில்லிமீட்டர் குறைத்து மறுபடி வெட்ட வேண்டும். ஒட்டும் மடலில் மையும் வார்னிஷும் ஏறியிருந்தால் பசை சரியாகப் பிடிக்காது. நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, சைவத்துக்கான பச்சைக் குறி எல்லாம் சட்டப்படி இடம் கேட்பவை. உண்மை அளவில் அச்சிட்டுக் கையில் பிடித்தால்தான் எழுத்து எவ்வளவு பொடி என்று உறைக்கும். மாட்டுங்கா கடை அலமாரியில் வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது, கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு.

தொடக்கத்தில் டம்மிதான் என் தேர்வு. கட்டமைப்பு கைவந்த பிறகு கணினியை முதலில் திறக்கலாம். அச்சகத்துக்குக் கோப்பு போகும் முன் ஒன்றாவது வெட்டி ஒட்டிவிடுங்கள்.