பி.எட். பாடத்துக்காக வலைப்பூ: இரண்டு வருடம் எழுதிய பிறகு

முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கும் ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, எல்லாத்தையும் ரெக்கார்டு நோட்டுலயே எழுதிக் கொடுத்துடலாம்ல? இந்த பிளாக் எதுக்கு?" வாட்ஸ்அப்பில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். வலைப்பூ எப்படித் தொடங்குவது, டெம்ப்ளேட் எப்படி மாற்றுவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

எங்களுக்கு வாரம் ஒரு பதிவு. கூடவே சக மாணவர்கள் இரண்டு பேரின் பதிவில் கமென்ட் போட வேண்டும். எல்லாம் இன்டர்னல் மதிப்பெண்ணில் சேரும். அந்தக் கமென்ட் விதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். கெடு முடிகிற இரவில் "அருமை தோழி, பயனுள்ள பதிவு" என்று வரிசையாக வந்து விழும். ஒருத்தி, பிள்ளைகள் அடங்கவே இல்லை, ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதேன் என்று எழுதியிருந்தாள். அதன் கீழேயும் "அருமை". அடுத்த வாரத்திலிருந்து அவள் பதிவுகளில் எல்லா வகுப்பும் சிறப்பாகவே நடந்தது. உண்மையை எழுத வந்த ஒரு பெண்ணை அந்த விதி வாயடைத்துவிட்டது.

செயலின் நடுவே சிந்திப்பது, செயல் முடிந்தபின் சிந்திப்பது என்று அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஷோன் 1983-இல் பிரித்துக் காட்டியதைத் தேர்வுக்குப் படித்தோம். எங்கள் பதிவுகளில் இரண்டுமே இல்லை. முதலாம் ஆண்டு முழுக்க வலைப்பூவை ஒரு சுமையாகத்தான் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

இரண்டாம் ஆண்டின் 16 வாரப் பள்ளிப் பயிற்சியில் நிலைமை மாறியது. நான் கணக்கு. ஆறாம் வகுப்பில் 1/3 பெரிதா, 1/4 பெரிதா என்று கேட்டால் பாதி வகுப்பு 1/4 என்றது, 4 பெரிய எண்ணாம். வேற்றினப் பின்னங்களைக் கூட்டச் சொன்னால் 1/2 + 1/3 = 2/5 என்று மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டினார்கள். ஏழாம் வகுப்பில் 0.25 என்பது 0.3-ஐவிடப் பெரிது என்றான் ஒருவன், 25 பெரிதல்லவா! மூன்றையும் வெவ்வேறு வாரங்களில் எழுதி, 'பிள்ளைகள் சொன்ன விடை' என்று ஒரே லேபிள் போட்டிருந்தேன். ஒருநாள் அந்த லேபிளைத் தட்டியபோது மூன்று பதிவுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. மூன்றும் ஒரே தவறு. பின்னத்தையோ தசமத்தையோ ஒரே எண்ணாகப் பார்க்காமல், கண்ணில் படுகிற முழு எண்களைத் தனித்தனியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். மறுநாள் தொகுதி, பகுதி என்று ஆரம்பிக்காமல் எண்கோட்டிலிருந்து ஆரம்பித்தேன். 1/3, 1/4 இரண்டையும் பிள்ளைகளே குறித்தார்கள். எது பெரிது என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

வகுப்புக்கு ஒன்றாகத் தனித்தனி ரெக்கார்டு நோட்டுகளில் கிடந்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது. வலைப்பூ எனக்குக் கொடுத்த பெரிய சந்தோஷம் இதுதான். வலைப்பக்கத்தில் கணிதக் குறியீடுகளைக் காட்டும் மேத்ஜாக்ஸ் நிரலைச் சேர்த்தபின் பின்னங்கள் புத்தகத்தில் இருப்பதுபோலவே வந்தது அடுத்தது.

ஆனால் அந்தப் பதிவுகளை எழுத முடிந்ததே, பயிற்சிக் காலத்துக்கென்று வேறொரு வலைப்பூ திறந்து, யாரும் பார்க்க முடியாதபடி பூட்டி வைத்ததால்தான். ஒரு பிள்ளை சொன்ன தவறான விடையைப் பள்ளியின் பெயரோடு ஊருக்குக் காட்டுவது நியாயமே இல்லை. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. பாடத்துக்கான வலைப்பூவிலோ வகுப்பறைப் படம் போட்டால்தான் பதிவு "நிறைவாக" இருக்கிறது என்றார்கள் கல்லூரியில்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு தொடங்கு என்றுதானே சொல்ல வேண்டும்? சொல்ல மாட்டேன் தங்கை. மதிப்பெண்ணுக்கு என்றால் ரெக்கார்டு நோட்டே போதும். அதையும் மீறி வலைப்பூ கட்டாயம் என்றால் கேட்கிற அளவுக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிடு. உனக்கென்று ஒன்றைப் பூட்டி வைத்துக்கொள். அதில் லேபிளாகப் பாடத் தலைப்பைப் போடாதே, பிள்ளை என்ன தவறு செய்தது என்பதைப் போடு. கமென்ட் பெட்டியை முதல் நாளே மூடிவிடு.