புனல் வகை இனக்கவர்ச்சிப் பொறி: மருந்தடிக்கும் நாளைச் சரியாகக் காட்டுமா?

மூடி, புனல், அடியில் நீளமான பாலிதீன் பை, மூடிக்குக் கீழே லூர் (பெண் பூச்சியின் வாசனை ஏற்றிய சின்ன வில்லை) மாட்ட ஒரு பிடி. இவ்வளவுதான் பொறி. பலவீனமான இடம் பைதான். அடிமுனையை இறுக்கிக் கட்டாவிட்டால் எறும்பு புகுந்து செத்த பூச்சிகளைத் தின்றுவிடும். காலையில் பார்த்தால் வெறும் இறக்கைத் துணுக்குகள்தான் மிஞ்சும், கணக்கும் கெடும். தாங்கு குச்சியில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் தொல்லை குறையும்.

புழுவையே ஒழித்துவிடும் என்று நம்பி வாங்குபவர்கள்தான் இதைத் திட்டுகிறார்கள். விழுவது ஆண் அந்துப்பூச்சி மட்டும். முட்டையிடும் பெண் வெளியேதான் சுற்றும். கண்காணிப்புக்கு ஏக்கருக்கு 5 பொறி போதும். பயிரின் நுனிக்கு ஓரடி மேலே இருக்கட்டும். செடி வளர வளரப் பொறியையும் ஏற்ற வேண்டும்.

தினமும் காலையில் எண்ணிவிட்டுப் பையைக் காலி செய்யுங்கள். தக்காளிக் காய்ப்புழுவுக்கு ஒரு பொறியில் ஓர் இரவுக்கு 8 முதல் 10 பூச்சி என்பது வழக்கமான எச்சரிக்கை அளவு. அந்த எண்ணைவிட, நாளுக்கு நாள் கூடுகிறதா என்பதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். கூடினால் நுனி இலைகளிலும் பூக்களை ஒட்டியும் முட்டை தேடுங்கள். இளமஞ்சளாக இருந்தால் புது முட்டை, பழுப்பேறினால் பொரிக்கப் போகிறது. பொரிக்க 3 முதல் 5 நாள். டிரைக்கோகிரம்மா (பூச்சி முட்டையை அழிக்கும் குட்டிக் குளவி) அட்டை கட்டுவதானால் முட்டை கண்டதும் கட்ட வேண்டும். பி.டி. (பாக்டீரியா மருந்து), என்.பி.வி. (வைரஸ் மருந்து) போன்றவற்றைப் பொரிக்கும் நாளை ஒட்டி, மாலையில் அடிக்க வேண்டும். புழு காய்க்குள் போனபின் அடிக்கும் மருந்து வீண். கத்தரித் தண்டுத் துளைப்பானோ பொரித்த சில மணி நேரத்திலேயே உள்ளே புகுந்துவிடும், அதற்கு அவகாசம் இன்னும் குறைவு.

லூரில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மூன்று நான்கு வாரத்தில் வீரியம் தீர்ந்து பொறி காலியாகும். தோட்டத்தில் பூச்சியே இல்லை என்று தோன்றும். புது லூர் மாட்டியதும் எண்ணிக்கை சட்டென ஏறலாம், அதைப் பார்த்து மருந்தடிக்க ஓடாதீர்கள். மாற்றிய தேதியைக் கணக்கோடு எழுதி வைத்தால் குழப்பமில்லை. ஒரு பொறிக்கு ஒரே இன லூர். வேறு இன லூரைத் தொட்ட கையோடு மாட்ட வேண்டாம், கையுறை மாற்றுங்கள். மிச்ச லூரை உறை பிரிக்காமல் குளிர்பெட்டியில் வைக்கலாம்.

காய்ப்புழு, புரோடீனியா (இலை தின்னும் வெட்டுப்புழு) இரண்டுக்கும் தயங்காமல் வாங்கலாம். முட்டைக்கோஸ் வைரமுதுகுப் பூச்சி உருவில் சிறியது, அதற்குப் பசைத் தாள் பொறிதான் நல்லது. தாளில் தூசி படிந்தால் பசை பிடிக்காது, அடிக்கடி மாற்றணும்.