கார் முன்கண்ணாடி: காசு கண்ணாடிக்கு, ஆயுசு ஒட்டுக்கு

இப்போது வரும் கார்களின் முன்கண்ணாடிக்குப் பார்வைத் தெளிவில் தாராளமாக மதிப்பெண் போடலாம். கல்லடி தாங்குவதில் போட முடியாது. சுண்டைக்காய் அளவு ஜல்லி பட்டுச் சின்னப் புள்ளி விழுகிறது. நாலைந்து நாளில் அந்தப் புள்ளி கோடாகி, டேஷ்போர்டு அகலத்துக்கு ஓடிவிடுகிறது. மாற்றப் போனால், சாலையைப் பார்த்துப் பிரேக் போட உதவும் கேமரா எதுவும் கண்ணாடியில் இல்லாத சின்னக் காருக்கே சில ஆயிரங்கள். கேமரா, மழை சென்சார் வைத்த வண்டிக்கு அதைப் போலப் பல மடங்கு. இந்தச் செலவில் எது தவிர்க்கக்கூடியது, புதுவையிலும் கடலூரிலும் கிடைக்கும் சேவைகளில் எதை எதற்கு நம்பலாம் என்பதுதான் இங்கே.

முதலில் பொருள். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம். படலம் பெரும்பாலும் 0.76 மி.மீ. வெளித்தகடு 2.1 மி.மீ. அளவில் இருக்கும். எடையைக் குறைக்க உள்தகட்டைப் பல மாடல்களில் 1.6 மி.மீ. வரை மெலிதாக்கிவிட்டார்கள். அம்பாசடர் காலத்துக் கண்ணாடி சின்னது, நிமிர்ந்து நிற்பது, ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்திருப்பது. பாடி முறுக்கினால் ரப்பர் வாங்கிக்கொள்ளும். இன்றைய கண்ணாடியைப் பாலியூரிதேன் பசை போட்டுப் பாடியோடு பாடியாக ஒட்டிவிடுகிறார்கள். கூரையின் பலத்தில் அதற்கும் பங்கு உண்டு. பல கார்களில் இடப்பக்க ஏர்பேக் விரியும்போது கண்ணாடியில் மோதித்தான் பயணி பக்கம் திரும்புகிறது. அதே ஒட்டு வழியாகத்தான் பள்ளத்தில் சக்கரம் இறங்கும் முறுக்கும் கண்ணாடிக்குப் போய்ச் சேர்கிறது. விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சொட்டை ஒன்று இருந்தால் போதும், அங்கிருந்து விரிசல் கிளம்பிவிடும்.

இந்தப் பக்கத்துச் சாலைகளும் கண்ணாடிக்குச் சாதகமாக இல்லை. திருவக்கரை, வானூர் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் வருகின்றன. திண்டிவனம், புதுவை, கடலூர், சிதம்பரம் என்று போகும் 32ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சாலை வேலை நடந்த இடங்களில் ஓரமெல்லாம் உதிர்ந்த ஜல்லி கிடக்கும். முன்னால் போகும் டயர் கிளப்பிவிட்ட கல் நம் கண்ணாடியில் படும் வேகத்தில் பெரும்பங்கு நம் வண்டியின் வேகம்தான். அடியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60 கி.மீ. வேகத்தில் படும் அடியைவிட 80இல் படும் அடி 1.8 மடங்கு, 100இல் 2.8 மடங்கு. டிப்பரின் வாலைப் பிடித்துக்கொண்டு போகாமல் நூறடி விட்டுப் போவதும், முந்துவதானால் சட்டென்று முந்திவிடுவதும்தான் காசில்லாத காப்பு.

கல் புள்ளி வைக்கும்; அதைக் கோடாக இழுப்பது சூடு. சித்திரை வெயிலில் நிற்கும் காரில் கண்ணாடியின் நடுப்பகுதி காய்ந்து விரியும், பீடிங்குக்குள் மறைந்திருக்கும் விளிம்பு அவ்வளவு சூடாகாது. விரிய விரிய நடுப்பகுதி விளிம்பை இழுக்கும். கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அந்த நேரத்தில் ஒரு குடம் தண்ணீரை மேலே ஊற்றினால் வெளித்தகடு திடீரென்று சுருங்கும், புள்ளி பிளந்துகொள்ளும். ஏறி உட்கார்ந்ததும் ஏசியை முழு வேகத்தில் கண்ணாடிப் பக்கம் திருப்புவதும் இதே வேலையைத்தான் செய்யும். கண்ணாடியில் புள்ளி விழுந்த வண்டி என்றால், நான்கு ஜன்னலையும் இறக்கி இரண்டு நிமிடம் சூட்டை வெளியேற்றிவிட்டு, காற்றை முகத்துக்கும் காலுக்கும் திருப்பி, மெதுவாகக் குளிரவிடுங்கள்.

புள்ளி விழுந்த அன்றே செய்ய வேண்டிய வேலை இன்னும் எளிது. சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்து, அதன்மேல் கண்ணாடி போன்ற செலோடேப் ஒரு துண்டு. உள்ளே ஈரமும் தூசியும் போனால், பிறகு விரிசலை அடைக்கச் செலுத்தும் ரெசின் என்ற திரவப் பசை இறங்காது. கடலோரக் காற்றில் உப்பும் சேர்ந்து போகும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் அடைத்துவிட வேண்டும். சூப்பர் க்ளூ மட்டும் வைக்கக் கூடாது. அது மேலாக இறுகி வாயை மூடிவிடும். பிறகு வருகிற மெக்கானிக் ஒன்றும் செய்ய முடியாது.

ரெசின் அடைப்பு, எங்கள் கணிப்பில், கார் பராமரிப்பில் கொடுக்கும் காசுக்கு மேல் பலன் தரும் மிகச் சில சேவைகளில் ஒன்று. அரை மணி முதல் முக்கால் மணி நேர வேலை. புள்ளியின் வாயிலிருந்து தளர்ந்த கண்ணாடித் தூளை ஊசியால் எடுப்பார்கள். உறிஞ்சுகிண்ணத்தில் நிற்கும் சட்டத்தைப் பொருத்தி, நடுவில் உள்ள குழாய் வழியே முதலில் காற்றை இழுத்து, பிறகு ரெசினை அழுத்துவார்கள். இழுப்பதும் அழுத்துவதும் மூன்று நான்கு முறையாவது மாறி மாறி நடக்க வேண்டும். கருப்பாகத் தெரியும் இடமெல்லாம் காற்று. கருப்பு மறைந்த பிறகே யூ.வி. விளக்கைக் காட்ட வேண்டும். கடைசியில் கெட்டியான ரெசின் ஒரு துளி, மேலே சின்னப் படலம், மறுபடி யூ.வி., பிளேடால் மட்டமாகச் சுரண்டி பாலிஷ். சரியாகச் செய்தால் விரிசல் நின்றுவிடும். மங்கிய தழும்பு இருக்கத்தான் செய்யும். அதை முழுக்க மறைத்துத் தருவதாகச் சொல்பவரிடம் போகாதீர்கள்.

எது கெடுக்கிறது? பெரும்பாலும் வெயில். திறந்த வெளியில் செய்தால் வெயிலில் உள்ள யூ.வி. பட்டே ரெசின் பாதி வழியில் இறுகிவிடும். சூடான கண்ணாடியில் குழாயை இறுக்கினால் நட்சத்திர விரிசலின் கால்கள் நீளும். காலை எட்டு மணிக்குள், கொட்டகை நிழலில் செய்யச் சொல்லுங்கள். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வரும் கிட்டுகள், கால் விரிக்காத சின்ன வட்டப் புள்ளிக்குப் பரவாயில்லை. நட்சத்திரத்துக்கு அந்தச் சிரிஞ்சின் அழுத்தம் போதாது. கெடுத்த பிறகு கடைக்காரராலும் திருத்த முடியாது. முதல் முறை பழகும் கைக்கு அதைச் சிபாரிசு செய்ய மாட்டோம்.

அடைக்க முடியாதவை: 10 ரூபாய் நாணயத்துக்குள், அதாவது 27 மி.மீ. வட்டத்துக்குள் அடங்காத புள்ளி. விளிம்பிலிருந்து 5 செ.மீ.க்குள் இருப்பது, ஸ்டீயரிங்குக்கு நேர் எதிரே சுமார் 30 செ.மீ. அகலப் பட்டையில் விழுந்தது, ஏனென்றால் தழும்பே எதிரே வரும் விளக்கைச் சிதறடிக்கும். உள்ளிருந்து நகத்தால் தடவும்போது தட்டுப்படுவது, அப்படியென்றால் உள்தகடும் போய்விட்டது. பின்கண்ணாடியும் கதவுக் கண்ணாடிகளும் பெரும்பாலும் டெம்பர்ட் வகை, அதாவது சூடாக்கி இறுக்கிய ஒற்றைத் தகடு. அடிபட்டால் மொத்தமாகப் பொடியாகும், அடைக்கும் பேச்சே இல்லை.

இனி மாற்றுவது. கடையில் மூன்று தரம் காட்டுவார்கள். கார் கம்பெனியின் முத்திரையோடு வருவது ஒன்று. அந்தக் கம்பெனிகளுக்கே சப்ளை செய்யும் செயிண்ட்-கோபெய்ன் செக்யூரிட், ஏஐஎஸ் போன்றவை தங்கள் பெயரிலேயே வெளிச்சந்தையில் விற்பது இரண்டாவது. பெயர் தெரியாதது மூன்றாவது. கேமரா இல்லாத வண்டிக்கு இரண்டாவதே போதும். கூடுதல் காசை முத்திரைக்குக் கொடுக்கத் தேவையில்லை. மூன்றாவது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். கண்ணாடியின் கீழ் மூலையில் ஐஎஸ்ஐ முத்திரை, ஐ.எஸ். 2553 என்ற எண், லேமினேட்டட் என்ற குறிப்பு மூன்றும் இருக்கிறதா என்று ஒட்டுவதற்கு முன்பே பாருங்கள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து தலையை மெதுவாக இடம் வலமாக ஆட்டுங்கள். தூரத்து மின்கம்பம் நெளிந்தால் வளைவு சரியில்லாத கண்ணாடி. பழைய கண்ணாடியில் சத்தம் குறைக்கும் படலம், மேல் நிறப்பட்டை, சென்சார் தாங்கி என்ன இருந்ததோ அதெல்லாம் புதியதிலும் இருக்க வேண்டும்.

கண்ணாடி நல்லதாக இருந்தும் ஒட்டு கெட்டால் எல்லாம் கெட்டது. இந்தக் கடற்கரையில் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். பழைய கண்ணாடியை அறுத்தெடுக்கும்போது கத்தி பாடியின் பெயிண்டைக் கீறும். கீறிய இடத்தில் உலோக ப்ரைமர் என்ற அடிப்பூச்சைத் தடவாமல் பசையைப் போட்டால், உப்புக்காற்று ஓரிரண்டு மழைக்காலத்துக்குள் துருவைக் கிளப்பும். துரு பசையைத் தூக்கும். தண்ணீர் டேஷ்போர்டுக்குள் இறங்கி, ஃபியூஸ் பாக்ஸ் வரை போகும். துருவேறி மேடான விளிம்பு கண்ணாடியை முட்டி, கல்லே படாமல் விரிசல் விடவும் வைக்கும். கத்தியைவிட அறுப்புக் கம்பி வைத்திருக்கும் கடை நல்லது. பழைய பசையை முழுக்கச் சுரண்டாமல் 1 முதல் 2 மி.மீ. மட்டும் விட்டு மட்டமாக்குபவர்தான் வேலை தெரிந்தவர், ஏனென்றால் புதுப் பசை பழைய பாலியூரிதேன் மேல் நன்றாகப் பிடிக்கும். கண்ணாடியின் கருப்பு ஓரத்திலும் ப்ரைமர் தடவி, லேபிளில் போட்டிருக்கும் நேரம் காயவிட வேண்டும். பசை முக்கோண வடிவில், சுமார் 12 மி.மீ. உயரத்தில், இடைவெளி விடாமல் ஓட வேண்டும். போட்ட சில நிமிடங்களில் இரண்டு பேர் உறிஞ்சுகிண்ணம் பிடித்து ஒரே தடவையில் இறக்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் மேல்தோல் சீக்கிரம் இறுகும். பிறகு உட்காரவைத்தால் ஒட்டாது.

பசைக் குழாயை வாங்கிப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். பாலியூரிதேன் என்று போட்டிருக்க வேண்டும், காலாவதித் தேதி தாண்டியிருக்கக் கூடாது. பாத்ரூமுக்குப் போடும் சிலிக்கான் சீலண்ட் எடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு அந்தப் பலம் கிடையாது. பின்னால் அதன்மேல் நல்ல பசையும் பிடிக்காது.

சேவைகளைப் பொறுத்தவரை, ஹூண்டாய் கிரெட்டா, மஹிந்திரா எக்ஸ்யூவி 700 போன்றவற்றில் கேமரா உள்ள மாடல்களைக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோகலாம். கண்ணாடி மாறினால் கேமராவை மறுபடி அளவீடு (கேலிப்ரேஷன்) செய்ய வேண்டும். குறிப்பலகைகளை நிறுத்தியோ, கோடு தெளிவாக உள்ள சாலையில் ஓட்டியோ செய்வார்கள். இது அதே இடத்திலேயே நடக்குமா, அறிக்கை தருவார்களா என்று வண்டியை விடும் முன் கேளுங்கள். அளவீடு செய்யாத கேமரா தவறான நேரத்தில் பிரேக் போட வைக்கலாம். கண்ணாடி வேலை மட்டுமே செய்யும் சங்கிலி நிறுவனங்கள் மற்ற எல்லாக் கார்களுக்கும் நல்ல தேர்வு. ஆனால் வீட்டுக்கே வந்து ஒட்டும் சேவையை மேற்கூரை உள்ள இடத்தில் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பசை காற்றின் ஈரத்தில் இறுகுவது நல்லதுதான். ஒட்டும் விளிம்பில் ஒரு தூறல் விழுந்தாலோ கெட்டது. உள்ளூர் கிளாஸ் கடைகளில் விலை குறைவு, கையும் பழகிய கை. அங்கே பார்க்க வேண்டியது பசையும் ப்ரைமரும்தான். அவற்றை நல்லதாகக் கேட்டு, கூடக் கொஞ்சம் கொடுத்தாலும் கணக்கில் லாபம்.

இன்ஷூரன்ஸில் பலர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். நம் வண்டிச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவே கிடையாது. அதற்காக, தேய்மானம் கழிக்காத பம்பர்-டு-பம்பர் பாலிசி எடுக்க வேண்டியதில்லை. ரப்பர் பீடிங்குக்கு 50% கழிப்பார்கள். கிளைமில் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. பெரிய இழப்பு, கிளைம் போடாத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸில். 50% போனஸில் இருப்பவர் ஒரு கிளைம் போட்டால் அடுத்த ஆண்டு பூஜ்யம், பிறகு 20, 25, 35, 45 என்று ஏறித்தான் பழைய இடத்துக்கு வருவார். ஐந்து ஆண்டில் இழப்பது, போனஸ் கழிக்காத ஓர் ஆண்டு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 125%. அந்தப் பிரீமியம் 6,000 என்றால் 7,500 போகிறது, கழிவு 1,000 சேர்த்து 8,500. வண்டி பழசாகப் பிரீமியம் இறங்குவதால் கொஞ்சம் குறையும். ஆக, 7,000 ரூபாய்க் கண்ணாடிக்குக் கைக்காசு நல்லது, 30,000 ரூபாய்க் கண்ணாடிக்குக் கிளைம் நல்லது. போனஸ் பாதுகாப்பு சேர்த்திருந்தால் கணக்கு மாறும். கிளைம் என்றால், கம்பெனிக்குச் சொல்லிப் படம் எடுக்கும்வரை கண்ணாடியைக் கழற்ற விடாதீர்கள்.

பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டேக்கும் போய்விடும். உரித்து ஒட்டினால் வேலை செய்யாது. வங்கியிடம் மாற்று டேக் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஒட்டிய பிறகு எத்தனை மணி நேரத்தில் ஓட்டலாம் என்பது பசையின் லேபிளில் இருக்கும். அதற்கு முன் சாவியை வாங்க வேண்டாம். முதல் 24 மணி நேரம் ஒரு ஜன்னலை விரலளவு இறக்கியே வையுங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அறைந்தால் உள்ளிருக்கும் காற்று கண்ணாடியை வெளியே தள்ளும். பிடிப்பு டேப்பை மறுநாள் எடுக்கலாம். இரண்டு நாள் வாட்டர் வாஷ் வேண்டாம். அதன் பிறகு, அழுத்தமில்லாத ஹோஸ் தண்ணீரைக் கீழ் விளிம்பிலிருந்து மேல் நோக்கிப் பத்து நிமிடம் விட்டு, இரண்டு பக்கமும் கால் வைக்கும் இடத்து விரிப்பைத் தூக்கிக் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்றே வண்டியைத் திருப்பிக் கொண்டுபோக வசதியாக, ஒழுகலுக்கும் காற்றுச் சத்தத்துக்கும் எத்தனை மாதம் பொறுப்பு என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும்.