இன்னோ செட்டப்: சின்னக் கடைகளுக்கு இதுவே போதும்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டு மளிகைக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதித் தருகிறேன். அதை விண்டோஸ் கணினிகளில் நிறுவ எனக்குக் கைகொடுப்பது 1997-இல் ஜோர்டன் ரசல் வெளியிட்ட இன்னோ செட்டப் என்ற, செட்டப் கோப்பு உருவாக்கும் கருவி.

எழுத வேண்டியது ஒரே ஒரு ஸ்கிரிப்ட் கோப்பு. கம்பைல் செய்தால் எல்லாம் அடங்கிய ஒற்றை செட்டப் கோப்பு வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்தது ஆப்ஐடி, அதாவது ஸ்கிரிப்டில் நம் மென்பொருளுக்குக் கொடுக்கும் அடையாளக் குறியீடு. அதை மாற்றாமல் வைத்திருந்தால் புதிய பதிப்பு பழைய ஃபோல்டரிலேயே போய் உட்காரும், அன்இன்ஸ்டால் பட்டியலிலும் இரண்டு பெயர் வராது. கல்லாவில் இருக்கும் அண்ணன் பில் திரையை மூடாமலேயே அப்டேட்டை அழுத்திவிடுவார். அப்போதும், மாற்ற வேண்டிய கோப்பை எந்த நிரல் பிடித்து வைத்திருக்கிறது என்று செட்டப்பே கண்டுபிடித்து, மூடட்டுமா என்று அவரிடமே கேட்கும். தீபாவளி நெருக்கத்தில் இது எவ்வளவு பெரிய நிம்மதி! சிறப்புத் தேவைகளுக்குப் பாஸ்கல் மொழியில் நிரலும் எழுதலாம்.

குறையும் உண்டு. விண்டோஸின் சொந்த நிறுவல் வடிவமான எம்எஸ்ஐ கோப்பை இது உருவாக்காது. கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் குரூப் பாலிசி வழியாக நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு அனுப்பும் பெரிய அலுவலகம் எம்எஸ்ஐதான் கேட்கும். அங்கே எம்எஸ்ஐ உருவாக்கும் விக்ஸ் என்ற கருவியின் பக்கம் போங்கள், ஆனால் கற்க நேரம் பிடிக்கும்.

அப்புறம், செட்டப்பை வெளியிட்டவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழைத் தனியாக வாங்கத்தான் வேண்டும். கையொப்பம் இல்லாத செட்டப்பை இணையத்திலிருந்து இறக்கினால் விண்டோஸின் பாதுகாப்பு வசதியான ஸ்மார்ட்ஸ்கிரீன் நீல நிற எச்சரிக்கை காட்டித் தடுக்கும். கடைக்காரர் வைரஸ் என்று பயந்து உடனே போன் செய்வார்.