தொட்டிக்கு மழை லில்லியா, ஆசியாட்டிக் லில்லியா?

சென்னை போன்ற சமவெளி ஊர்களின் மாடித் தோட்டங்களில், இவ்விரண்டின் பராமரிப்பு வேறுபாடு கோடையில்தான் தெளிவாகத் தெரிகிறது. மழை லில்லியின் கிழங்குகளைத் தொட்டியிலேயே விட்டு, மண்ணைச் சில வாரங்கள் காயவிட்டால் போதும்; நல்ல மழை பெய்த சில நாட்களில், வெங்காயத்தாள் போன்ற இலைகளுக்கிடையே மொட்டுகள் நிமிர்ந்துவிடும். ஆசியாட்டிக் லில்லியோ குளிர்நாட்டுச் செடி என்பதால், பூத்து முடிந்து இலைகள் மஞ்சளாகிக் காய்ந்தபின் கிழங்கைத் தோண்டியெடுத்து, சற்றே ஈரமான தேங்காய் நார்க்கழிவில் பொதிந்து, ஃபிரிட்ஜில் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில் குறைந்தது 6 முதல் 8 வாரங்கள் வைத்திருந்து, நவம்பர் வாக்கில் நட வேண்டும். அருகில் ஆப்பிள் இருக்கக் கூடாது. அது வெளிவிடும் எத்திலீன் வாயு பூ மொட்டைக் கெடுத்துவிடும். (காய்கறித் தட்டைக் கிழங்குகளுக்கு ஒதுக்கினால் வீட்டில் எழும் முணுமுணுப்பு தனி.) மழை லில்லிப் பூ ஓரிரு நாட்களில் வாடிவிடும் என்றாலும், சமவெளியில் நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.